சொல்லாமல் விட்ட மூன்று வரி

“அந்த மூணு வரியச் சொல்லிட்டுப் போங்க பிரிஜெட்! ரூல்னா ரூல்தான்!”

“சொல்ல மாட்டேன் மேடம்! இருபது பசங்க முன்னாடி வாராவாரம் எனக்குக் கல்யாணம் ஆகலன்னு டமாரம் அடிக்கணுமா? போன வாட்டி பின் பெஞ்சுல சிரிச்சாங்களே, உங்க காதுல விழலையா?”

“அது உங்களுக்காகத்தாம்மா. வேஷத்த இங்கயே கழட்டிப் போட்டுட்டுப் போறதுக்கு.”

“நான் யாருன்னு எனக்குத் தெரியாதா? பஸ்ஸு போயிடும், விடுங்க!”

ரமா மேடம் சமூகப்பணிக் கல்லூரிப் பேராசிரியை. பிரிஜெட் அங்கே வாரம் இருமுறை, புருஷனிடம் அடி வாங்கும் மனைவியாக நடிப்பவள். நிஜமான பெண்களிடம் போவதற்கு முன் மாணவர்கள் கேள்வி கேட்டுப் பழக இப்படியோர் ஏற்பாடு. சர்ச் நாடகத்தில் அவள் அழுத அழுகையைப் பார்த்துத்தான் மேடம் கையோடு அழைத்து வந்திருந்தார். நடிப்பு முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, ‘நான் பிரிஜெட். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இங்கே நடந்தது நடிப்பு’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். நாற்பத்துமூன்று வயதுக்காரிக்கு அந்த நடுவரி எப்படி இருக்கும்? பெங்களூர் ஈஜிபுராவில் அவள் குடியிருந்த தெருவே ஓயாமல் விசாரிக்கும் விஷயம் அது. கல்லூரியிலுமா?

சொல்லாமலே கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்திருந்தது. எழுதிக் கொடுத்த தாளில் புருஷனுக்குப் பெயர் கிடையாது. நிருபமா என்ற மாணவி மட்டும் விடாமல் குடைந்தாள். “அவர் பேர் என்னக்கா? அவர் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?” பிரிஜெட் யோசிக்கவே இல்லை. லாயிட் என்றாள். பெயின்டர். தின்னர் வாடை முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். இடது செருப்பைத் தேய்ப்பார். ஜன்னல் கம்பிகளில் சாவியை இழுத்துக்கொண்டே வருவார். பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது: இதெல்லாம் எங்கிருந்து வாயில் வந்தது?

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி இருக்கும். மாடிப்படியில் யாரோ தாளித்த கடுகின் காரம், பக்கத்து வீட்டு சீரியலின் அழுகை, தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் மோட்டாரின் முனகல், இத்தனைக்கும் அடியில், மெல்லிய நூல் போல, மூக்கின் உள்ளே எரிகிற ஒரு வாடை. கீழ்வீட்டில் கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அரிசி களைய உட்கார்ந்தாள். வெளி நடையில் செருப்பு தேய்ந்தது. ஒரு கால் மட்டும். பிறகு ஜன்னல் கம்பிகளில், முதல் கம்பியிலிருந்து கடைசிக் கம்பி வரை, அவசரமே இல்லாமல், இரும்பின் மேல் இரும்பு இழுபட்டது.

கை தண்ணீருக்குள் நின்றது.

ஜன்னலில் யாரும் இல்லை. கதவும் திறக்கவில்லை. குனிந்து பார்த்தாள். பாத்திரத்தில் இரண்டு பேருக்கான அரிசி.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு மமதா வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் தெருவுக்குப் பேப்பரும் அவள்தான், டிவியும் அவள்தான்.

“ஏன்க்கா, மூச்சு விடாம மேரேஜ் பண்ணிட்டீங்களா? எங்களுக்கு ஒரு ஸ்வீட் கூட இல்ல!”

“யாரு சொன்னது?”

“உங்க யஜமான்ரு, வீட்டுக்காரருதான். லாயிட்டண்ணா! காலைல மோட்டார் போட்டாரு, என் கொடத்தையும் தூக்கிக் குடுத்தாரு. ஆளு நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் கோவக்காரரோ?”

மமதாவின் கண் அவள் மணிக்கட்டில் இருந்தது. பிரிஜெட்டும் பார்த்தாள். நான்கு விரல்கள் அழுந்திய நீலம்.

கல்லூரிக்கு ஓடினாள். பட்டப்பகல். மேடம் வகுப்பில் இருந்தார். பயிற்சி அறையில் ஆளில்லை. மற்ற ஆசிரியர்கள் அடுத்த அறையில் மறைவாக உட்கார்ந்து கவனிக்கும் பெரிய கண்ணாடியின் முன் போய் நின்றாள். மூன்றே வரி. சொல்லிவிட்டால் போதும். வீடு மறுபடி அவள் வீடு.

“நான் பிரிஜெட்.”

வந்துவிட்டது.

“எனக்கு…”

நாக்கு புரளவில்லை.

“எனக்குக் கல்யாணம்…”

தின்னர் வாடை.

கண்ணாடிக்குப் பின்னால் செருப்பு தேய்ந்தது.

ஒரு கால்.

வாய் தானாகத் திறந்தது. குரல் அவளுடையதுதான்.

“ஆயிடுச்சு.”

நிருபமாவுக்கு அந்த வருஷமே கல்யாணம். அஷ்வத் என்று ஒரு பையன், இப்போது மைசூரில் குடித்தனம். ரமா மேடம் மகனோடு இருக்கப் புனே போய்விட்டார். மமதா அதே வீட்டில்தான். அந்தத் தெருவை விட்டு அவள் எங்கே போவாள்? பிரிஜெட் மட்டும் அந்த வாரமே, யாரிடமும் விலாசம் சொல்லாமல் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு லேடீஸ் பி.ஜி.க்கு மாறினாள். ஆண்கள் கேட்டைத் தாண்டக் கூடாது என்று அங்கே போர்டே தொங்கியது. அதைப் பார்த்துத்தான் இடம் பிடித்தாள்.

ஒற்றைப் பையோடு போய் இறங்கியவளுக்கு வார்டனம்மா சாவி எடுத்துக் கொடுக்கவில்லை.

“மேல போங்கம்மா. ஜென்ட்ஸ் வரக் கூடாதுன்னு எவ்வளவோ சொன்னேன். ஒரு வார்த்தை பேசாம ஏறிப் போயிட்டாரு.”

மூன்றாவது மாடி. நீண்ட நடை. மூடிய கதவு. திரும்பி இறங்கக் கால் எடுத்தாள்.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. நகக்கண் எல்லாம் காய்ந்த வெள்ளைப் பெயின்ட். அந்தக் கை அவளிடமிருந்து பையை மெதுவாக, மிகவும் பதனமாக, வாங்கிக்கொண்டது.