ஈரம் குடித்த மணிகள்

காலை ஒன்பது மணிக்குள் அம்மா பதினோரு அடிப்பட்டைகளைக் கழித்துவிட்டாள். பன்னிரண்டாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே குட்டிக் குட்டிக் குமிழிகள். மேலே வெள்ளிக் கோடுகள், நத்தை ஊர்ந்து போன தடம் மாதிரி.

"இதுவும் போச்சு. நீ சூட்டை ஏத்தி வச்சுட்டியா?"

"நான் ஏன் ஏத்தப் போறேன்?" என்றாள் சித்தி. "நீதான்க்கா ஆறறதுக்குள்ள அவசரமா வெளிய எடுக்கற."

அது அம்மாவும் சித்தியும் சேர்ந்து நடத்தும் பட்டறை. ஒரே ஒரு இயந்திரம். அதன் தலையில் இருக்கும் கூம்பில் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டினால், அவை உள்ளே உருகி, இரும்பு அச்சுக்குள் பாய்ந்து, ஆறி, பொருளாக வெளியே விழும். இந்த முறை செயற்கைக் கால்களுக்கான அடிப்பட்டைகள். கால் இழந்தவர்கள் ஓடுவதற்கென்றே வளைந்த கால்கள் உண்டு. அவை தரையைத் தொடும் இடத்தில் இந்தப் பட்டையை மாட்டுவார்கள்.

மொத்தம் இருபத்துநான்கு வேண்டும். செயற்கைக் கால் செய்பவர் மாலை ஐந்து மணிக்கு வருவார். நாளை மறுநாள் ஓட்டப் பந்தயம்.

இதையெல்லாம் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சக்கரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. காலில் சக்கரம் கட்டியவள் போல ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வீட்டில் அந்தப் பெயர். இயந்திரம் ஓடும்போது கோட்டைத் தாண்டக் கூடாது. அதனால் கோட்டின் மேலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"நிக்க மாட்டியா நீ? எனக்குத் தலை சுத்துது," என்றாள் அம்மா.

"நின்னா எனக்குச் சுத்துதும்மா."

மூலையில் அந்த மணிகள் வந்த பை இருந்தது. வெள்ளித்தாள் போட்ட கனமான பை. அதன் மேல் 'பாலிஅமைடு எலாஸ்டோமர்' என்று அச்சடித்திருந்தது. சித்திக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே இல்லை. 'துள்ளி' என்று வைத்துவிட்டாள்.

பொருத்தமான பெயர்தான். நைலானின் பலமும் ரப்பரின் துள்ளலும் அதற்கு உண்டு. எடையோ இறகு போல. மிதித்தால் அமுங்கும். விட்டதும் மிதித்தவரையே மேலே தூக்கிவிடும். கடும் குளிரில்கூட விறைத்துப்போகாது. அதனால்தான் ஓடும் கால்களுக்கு அதையே கேட்டிருந்தார்கள்.

பதினைந்தாவது பட்டையும் கழிவுப் பெட்டிக்குள் போனதும் அம்மா கைபேசியை எடுத்து மெக்கானிக் மாமாவை அழைத்தாள்.

"கழட்டித்தான் பார்க்கணும்னு சொல்றார்," என்றாள் சித்தியிடம்.

"கழட்டினா மாட்ட நாளைக்கு ஆயிடுமேக்கா."

"வேற என்ன பண்ணச் சொல்ற? வாயால ஊதியா சரிபண்ண முடியும்?"

சித்தி கோபம் வந்தால் எதையாவது சமைப்பாள். பின்னறையில் இருந்த அடுப்பைப் பற்றவைத்து, "முட்டை பொரிக்கலாம். அந்த வாணலியைக் கழுவிக் கொடு," என்றாள் சக்கரத்திடம்.

சக்கரம் கழுவினாள். துடைக்க மறந்துவிட்டாள். சித்தி எண்ணெயை ஊற்றிய சிறிது நேரத்தில் வாணலி பட், பட், படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. இருவரும் பின்னால் குதித்தார்கள்.

"துடைக்கலையா? சூடான எண்ணெயில தண்ணி விழுந்தா சும்மா இருக்குமா? ஆவியாகி வெடிக்கத்தான் செய்யும்."

அதே நேரம், முன்னறையில் அம்மா அச்சைத் தள்ளி வைத்துவிட்டு, எப்படி உருகுகிறது என்று பார்க்க, இயந்திரத்தின் வாயிலிருந்து உருகிய துள்ளியை ஒரு தகட்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தாள். பசை போல வழிந்த அதிலிருந்தும் சத்தம் வந்தது. பட். பட். படபட.

சக்கரத்தின் கால்கள் நின்றுவிட்டன.

துள்ளிக்குள் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் எப்படி வந்தது?

அவளுக்குத் தெரியும். நேற்று மாலை யாரும் இல்லாதபோது அவள்தான் அந்தப் பையைத் திறந்தாள். மணிகளுக்குள் முழங்கை வரை கையை விட்டால் குளுகுளுவென்று இருக்கும். திடீரென்று மழை வந்தது. மழையைப் பார்க்க ஓடினாள். பையை மறந்தே போனாள். இரவெல்லாம் மழை பெய்தது.

மெல்ல மூலைக்குப் போனாள். பையின் வாய் அவள் விட்டுப்போனபடியே பிளந்து கிடந்தது. கயிறு கீழே கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. கயிற்றை எடுத்து இறுக்கிக் கட்டினாள். இரண்டு முடிச்சு போட்டாள். இனி யாருக்கும் தெரியாது.



மெக்கானிக் மாமா வந்தார். கருவிப் பெட்டியைத் தரையில் வைத்தார். பெரிய ஸ்பேனரை எடுத்தார்.

"சூட்டை யாரு பார்த்துக்கறது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் சித்தி. அவள் குரல் தேய்ந்திருந்தது. "என் மேலதான் தப்போ என்னவோ."

மாமா ஸ்பேனரை முதல் மரையில் பொருத்தினார்.

சக்கரம் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அவசரத்தில் கட்டிய முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

"மாமா, கழட்டாதீங்க," என்றாள். "மிஷின்ல ஒண்ணும் இல்ல. மணியில தண்ணி இருக்கு. நேத்து நான்தான் பையைத் திறந்தேன். மூட மறந்துட்டேன். இப்ப கட்டினதும் நான்தான்."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா பைக்குள் கையை விட்டு ஒரு பிடி மணிகளை எடுத்தார்.

"நல்லா காய்ஞ்சுதான இருக்கு? சொட்டு ஈரம் இல்லையே."

"கைக்குத் தெரியாது," என்றாள் அம்மா மெதுவாக. "நைலான் குடும்பத்துக்கே அந்தக் குணம் உண்டு. காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுடும். மூடியே வச்சிருக்கணும்னு பையிலேயே போட்டிருக்கான்."

சித்தி தலையைச் சொறிந்தாள். "காலையில நான் அள்ளும்போதே வாய் திறந்துதான் இருந்தது. அக்கா திறந்திருப்பான்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமே."

"நீ அப்பவே கடுகடுன்னு இருந்த."

மாமாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஸ்பேனரைக் கீழே வைக்காமலே நின்றார். சக்கரத்தின் கண் அலமாரிக்குப் போனது.

"மாதிரிக்கு வந்த சின்னப் பொட்டலம் ஒண்ணு இருக்கே, அதைப் பிரிக்கவே இல்லையே," என்றாள். "அதைப் போட்டுப் பாருங்க. சத்தம் வரலைன்னா நான் சொன்னது சரி."

அம்மா கூம்பைக் காலி செய்தாள். உள்ளே மிச்சமிருந்ததை வெளியே வழியவிட்டாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள். நான்கு பேரும் மஞ்சள் கோட்டருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

பட். பட்.

சக்கரம் கண்களை மூடிக்கொண்டாள்.

பட்.

உள்ளே ஒட்டியிருந்த பழையது தீர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை. உருகிய துள்ளி தேன் போல, சத்தமில்லாமல் வழிந்தது.

மாமா ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டார். "எனக்கு இங்க வேலை இல்ல. முட்டை வாசனை வருதே, அதாவது இருக்கா?"

ஈரம் குடித்த மணிகளை உலர்த்தும் பெட்டியில் பரப்பினார்கள். எண்பது டிகிரி சூடு. நான்கு மணி நேரம். அதற்கு முன்னால் திறக்கவே கூடாது.

சக்கரத்தின் வாழ்க்கையிலேயே நீளமான நான்கு மணி நேரம் அதுதான். கடிகாரத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். வாசலுக்குப் போய் வந்தாள். மறுபடியும் பார்த்தால் இரண்டே நிமிடம்தான் போயிருந்தது.

"கோவமா இருக்கியாம்மா?"

"இருக்கேன்," என்றாள் அம்மா. "மணி காயறதுக்குள்ள எனக்கும் ஆறிடும். அதுவரைக்கும் அந்தக் கழிச்ச பட்டையெல்லாம் எண்ணிக் கட்டு."

"இதெல்லாம் குப்பையா?"

"இல்ல. ரப்பரை ஒருதடவை வேக வச்சா அவ்வளவுதான், திரும்ப உருகாது. இதை மறுபடி அரைச்சு உருக்கலாம். ஓடற காலுக்கு வேணாம். நாற்காலிக் காலுக்கு உறை செய்யலாம்."

மூன்றரை மணிக்கு இயந்திரம் மறுபடி ஓடியது. முதல் பட்டையை அம்மா வெளிச்சத்தில் பிடித்தாள். குமிழி இல்லை. கோடு இல்லை. அதைச் சித்தியிடம் நீட்டினாள். சித்தி அதைத் தரையில் எறிந்தாள். அது துள்ளி எழுந்து அவள் மூக்கையே பதம் பார்த்தது. அம்மா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

கால் செய்பவர் நாலரைக்கே வந்துவிட்டார். இன்னும் மூன்று பாக்கி. அவருடைய வண்டியிலிருந்து ஒரு சிறுமியும் இறங்கினாள். எட்டு வயது இருக்கும். அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்த கறுப்புப் பட்டையாக இருந்தது.

"வண்டியில இருன்னா கேக்க மாட்டேங்கறா," என்றார் அவர். "பழைய அடிப்பட்டை கல்லு மாதிரி இருக்காம்."

"இருக்காம் இல்ல. இருக்கு," என்றாள் சிறுமி.

இருபத்துநான்காவது பட்டை ஆறியதும் அவர் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. மண்டியிட்டு, சிறுமியின் காலிலிருந்த பழையதைக் கழற்றினார். சக்கரம் திருகுகளை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

சிறுமி எழுந்து நின்றாள். ஒருமுறை மெல்லக் குதித்துப் பார்த்தாள். பட்டறை வாசலிலிருந்து தெருக் கதவு வரை ஓடினாள். திரும்பி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் சக்கரம்.

"அதுவே தூக்கி விடுது. இன்னொரு தடவை ஓடட்டுமா?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் தெருக் கதவைத் தொட்டுவிட்டிருந்தாள்.