மேலே ஒருவர், கீழே ஒருவர்

முன்பதிவில் இரண்டு பேர் என்றிருந்தது. விடுதி வாசலில் ஒருவர்தான் நின்றார்.

பெல்மிரோ வேனை ஓரங்கட்டிவிட்டுக் கைபேசியை இன்னொரு முறை பார்த்தான். குவரேஸ்மா. இரண்டு பேர். தனி வண்டி, ஓட்டுநரே வழிகாட்டி. எவோரா, மொன்சராஸ், மாலையில் லிஸ்பன் திரும்புதல். தவறு ஒன்றுமில்லை. வாசலில் நின்றவருக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, பழைய கம்பளிக் கோட்டு. கையில் பையோ குடையோ இல்லை. நவம்பர் மாதத்தில் குடையில்லாமல் ஊர் சுற்றக் கிளம்பும் ஆளை அவன் பார்த்ததில்லை.

"இன்னொருத்தர் வரலையா சார்?"

"மேல இருக்கான்," என்றார் குவரேஸ்மா. "நீங்க எடுங்க. வழியில சேந்துக்குவான்."

பின்னிருக்கையில் ஏறியவர் தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பிறகு பக்கத்துக் காலி இருக்கையின் பெல்ட்டையும் இழுத்து, குழந்தைக்கு மாட்டுவதுபோலப் பதமாக மாட்டினார்.

பணக்காரக் கிறுக்கு என்று பெல்மிரோ நினைத்துக்கொண்டான். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்தவன். செத்த நாயின் சாம்பலோடு வந்து, அதற்குக் கோட்டை கோட்டையாகக் காட்டிய கிழவியைக்கூட ஏற்றியிருக்கிறான்.

ஆனால் பாலத்தைத் தாண்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்ட பிறகு அந்த வாடை வந்தது. முதலில் லேசாக, ஈரமாக, கொதித்து ஆறிய தேயிலைச் சக்கைபோல. போகப்போக அதற்கடியில் இரும்பும் வியர்வையும் சேர்ந்த ஒரு துவர்ப்பு எழுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் பட்டை உரித்த தக்கை மரத்தின் வாடை. பன்னிரண்டு கோடைகள் கோடரி பிடித்தவனுக்கு அது செத்தாலும் மறக்காது. ஆனால் பட்டை உரிப்பது மே மாதம் தொடங்கி ஆகஸ்டோடு முடிந்துவிடும். நவம்பரில் பட்டை மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஒரு விரல்கூட விலகாது. நவம்பரில் இந்த வாடை உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது.

கண்ணாடியில் பார்த்தான். குவரேஸ்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க உரிச்சவர்தானே?"

"யார் சொன்னது?"

"கட்டை விரல். கோடரிப் பிடி தேய்ச்ச கட்டை விரல் எங்க போனாலும் தெரியும்."

எவோராவில் முழங்கால் வலி என்று சொல்லி அவன் பேராலயத்தின் கூரைக்கு ஏறவில்லை. குவரேஸ்மா மட்டும் போனார். சதுக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்து, மேலே பார்த்தான். கூரை விளிம்பில் ஒரு ஆள் நின்றிருந்தான். ஊரைப் பார்க்க ஏறுகிறவர்கள் தூரத்தைப் பார்ப்பார்கள். இவன் நேர்கீழே பார்த்தான், பெல்மிரோவின் உச்சந்தலையை.

"அவனுக்கு முன்னாடி உயரம்னா பயம்," என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. குவரேஸ்மா எப்போதோ இறங்கி வந்திருந்தார். "ஒரு தடவ விழுந்தப்புறம் போயிடுச்சு."

பெல்மிரோ திரும்பவும் அண்ணாந்தபோது விளிம்பில் புறாக்கள்தான் இருந்தன.

வேனுக்கு வந்தான். ஓட்டுநர் கதவின் கைப்பிடிக்குக் கீழே வெள்ளைச் சாயத்தில் ஒரு வட்டம் இருந்தது. உள்ளங்கை அகலம். காலையில் கழுவியபோது இல்லை. பயல்கள் வேலை என்று எச்சில் தொட்டுத் தேய்த்தான். வரவில்லை. நகத்தால் சுரண்டினான். வெயிலும் மழையும் பட்டு வெடித்து, பல வருஷமாக அங்கேயே இருந்ததுபோல இருந்தது சாயம்.

வட்டமில்லை அது. பூஜ்யம்.

கூட உரித்த இலீதியோவையும் அவனையும் தவிர அந்தப் பூஜ்யத்தின் ரகசியம் யாருக்கும் தெரியாது.

தக்கை மரத்தை உரித்ததும், உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை வெள்ளைச் சாயத்தில் அடிமரத்தில் எழுதுவார்கள். ஒன்பது வருஷம் கழிந்த பிறகுதான் அதைத் திரும்பத் தொடலாம். தொண்ணூறில் உரித்த மரத்தில் பூஜ்யம் இருக்கும். தொண்ணூற்றொன்பது வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் தொண்ணூற்றேழிலேயே ரெடோண்டோ வளைவுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மரங்களைத் திருட்டுத்தனமாக உரிக்கலாம் என்று யோசனை சொன்னவன் பெல்மிரோ. பூஜ்யத்தின் இடுப்பில் தூரிகையால் இரண்டு இழு இழுத்தால் அது எட்டாகிவிடும். எண்பத்தெட்டில் உரித்தது, இந்த வருஷம் பருவம் என்று நினைத்துப் பட்டை வாங்குகிற லாரிக்காரனும் கேள்வி கேட்க மாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர், மேலே ஒருவர், கீழே ஒருவர். இலீதியோ மேலே ஏறினான். பருவம் வராத பட்டை கோடரிக்கு லேசில் அசையவில்லை. பன்னிரண்டாவது மரத்தில் அவன் ஓங்கி அடித்து, நிலை தவறி, தன் கோடரியின் மேலேயே விழுந்தான். "பெல்மிரோ, கால் அசையல. ஏணிய எடுத்துட்டு வா, அதுல போட்டுத் தூக்கிரலாம்," என்றான். பெல்மிரோ ஏணியை எடுத்தான். எடுத்துக்கொண்டு ஓடினான். திருட்டு தெரிந்துவிடும் என்ற பயம். சாயந்திரம் வரை உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இலீதியோ தனியாகத்தான் திருடப் போனான் என்று ஊர் முடிவு கட்டியது. அடுத்த வருஷம் இலீதியோவின் தங்கை தெயோலிந்தாவை பெல்மிரோ கல்யாணம் செய்துகொண்டான். இருபத்தேழு வருஷமாக அவளோடு ஒரே தலையணையில் படுத்து எழுகிறான். அவளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது.

அப்படியானால் இந்தக் கிழவன் யார்? லாரிக்காரனா? லாரிக்காரனின் சொந்தமா? யாரோ ஒருவர் அன்றைக்கு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். இல்லாவிட்டால் பூஜ்யம் எப்படித் தெரியும்? எவோராவை விட்டு வேனைக் கிளப்பினான். ரெடோண்டோ வளைவு வந்ததும் வேகத்தைக் கூட்டினான்.

"அந்தப் பன்னிரண்டு மரத்துல மட்டும் நம்பரே இல்லையே," என்றார் குவரேஸ்மா ஜன்னலில் மூக்கை வைத்து. "ஏதோ கதை இருக்கணுமே. காசு வாங்குற வழிகாட்டி, சொல்லுங்க."

"பேராசை பிடிச்சவன் ஒருத்தன் சார். தனியா திருடப் போயி விழுந்து செத்தான். அப்புறம் அந்த மரத்த யாரும் தொடல. அவ்வளவுதான்."

"தனியாவா?"

"தனியா."

"மேல ஏறுறவனுக்குக் கீழ ஒருத்தன் வேணுமே."

"பேராசைக்காரன் கூட்டு வச்சிக்குவானா சார்?" பெல்மிரோ சிரித்துப் பார்த்தான். காலி இருக்கையின் பெல்ட் ஒருமுறை கிரீச்சிட்டு இறுகியது. சாலையில் குழி இருந்திருக்கும்.

மொன்சராசில் கோட்டைக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடை. பூண்டும் கொத்தமல்லியும் போட்ட ரொட்டிச் சூப்பின் மணம் கடை முழுக்க இருந்தது, ஆனால் அந்தத் துவர்ப்பு அதையும் மீறி வந்தது. பரிமாறும் சுல்மிரா அவனுக்குப் பழக்கமானவள். இரண்டு தட்டை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"உங்க மூணாவது ஆளு மாடிய நாசம் பண்ணிட்டாரு, பெல்மிரோ."

"எந்த மூணாவது ஆளு?"

"மேல உக்காந்திருக்காரே. என்ன வேணும்னு கேட்டா வாயே திறக்கல. தரையெல்லாம் செவப்பாச் சொட்டிக் கிடக்கு, சாயப்பட்டறையில இருந்து வந்தவராட்டம். தொடைக்கிறது யாரு, உங்கப்பனா?"

அவன் மாடிப்படியைப் பார்த்தான். ஏறவில்லை. ஐந்தாவது படி வரைக்கும் ஈரம் இறங்கி வந்திருந்தது.

கைபேசி அடித்தது. தெயோலிந்தா.

"யோவ் கிழவா, ராத்திரிக்குக் காட் மீன் கருவாடு ஊறப் போட்டிருக்கேன். ஏழு மணிக்கு வரலன்னா பூனைக்குப் போட்டுருவேன். பூனை உன்னவிட நல்லாப் பேசும்."

"வந்துர்றேன்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? எவளையாவது ஏத்திக்கிட்டுச் சுத்துறியா?"

எதிரில் குவரேஸ்மா ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்தார். "சொல்லிருங்க," என்றார் மெதுவாக. "இப்பவே. அவகிட்ட. நாங்க பஸ் பிடிச்சுப் போயிர்றோம்."

நாங்க.

"என்ன சத்தம் அது?" என்றாள் தெயோலிந்தா.

சொல்வதற்கு வாய் திறந்தது. பிறகு அவள் முகம் கண்ணில் வந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறையில் அண்ணனின் பெயரைப் பழைய துணியால் துடைத்துவிட்டு, 'திருடன்னு எழுதாம விட்டாங்களே, அதுவே போதும்' என்று சொல்லும் முகம்.

"ஒண்ணுமில்ல. டிவி," என்றான்.

குவரேஸ்மா கரண்டியைக் கீழே வைத்தார். ஏமாந்தவராகத் தெரியவில்லை.

வெளியே மழை. வேன் கதவைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது. பூஜ்யத்தின் இடுப்பில் இரண்டு புது இழுப்பு. ஈரம் காயாத வெள்ளை, மழையில் கரையாமல். எட்டு.

பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் பின்னிருக்கை தெரியாதபடி கண்ணாடியைத் திருப்பிவைத்தான். விட்டுவிடலாம், லிஸ்பனில் இறக்கிவிட்டு இந்த ஆளின் முகத்தையே மறந்துவிடலாம் என்று மைலைக் கணக்குப் பண்ணிக்கொண்டு ஓட்டினான். ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. மழையின் சத்தம் கூரையில் ஒரே சீராக விழுந்தது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் விழாமல். அங்கே ஏதோ மழையை மறைத்துக்கொண்டிருந்தது.

ரெடோண்டோ வளைவில் குவரேஸ்மா தோளைத் தொட்டார். "நிறுத்துங்க. ஒண்ணுக்குப் போகணும்."

"கொஞ்ச தூரத்துல பெட்ரோல் பங்க் இருக்கு சார்."

"வயசாயிடுச்சு. தாங்காது."

சாலையோரச் செம்மண்ணில் இறக்கி நிறுத்தினான். குவரேஸ்மா மரங்களுக்குள் போனார். பன்னிரண்டு மரங்கள். யாரும் தொடாத பழைய கறுத்த பட்டையோடு நிற்க வேண்டியவை. விளக்கு வெளிச்சத்தில் அவை உரித்துப் போட்ட தொடைபோல, பச்சை இறைச்சிச் சிவப்பாக, ஈரமாகப் பளபளத்தன. பன்னிரண்டும். அடியிலிருந்து கிளை வரை.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

மரங்களுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பெல்மிரோ. கால் அசையல. ஏணிய எடுத்துட்டு வா."

குவரேஸ்மாவின் குரல் இல்லை. இளைஞனின் குரல். இருபத்தெட்டு வயதில் செத்தவனின் குரல்.

"பெல்மிரோ."

கதவைத் திறந்தால் பத்தே தப்படி தூரம். அவன் கை சாவிக்குப் போனது. அன்றைக்குப் போலவே, யோசிக்காமல், தானாக. எஞ்சின் உறுமியது. சக்கரம் சுழன்றது. சேறு வாரியடித்தது. வேன் அசையவில்லை. இன்னும் மிதித்தான். இன்னும் இறங்கியது.

குரல் நின்றுவிட்டது.

கைபேசி ஒளிர்ந்தது. தெயோலிந்தா.

"எங்க இருக்க? மழை கொட்டுதே."

வளைவின் பெயரைச் சொன்னால் போதும். பக்கத்து ஊரில் அவளுக்குச் சித்தப்பா மகன் இருக்கிறான், டிராக்டர் வைத்திருக்கிறான். கால் மணி நேரத்தில் வந்துவிடுவான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் நாக்கு அதோடு நிற்காது. மீதியும் வந்துவிடும்.

"மொண்டெமோர் தாண்டிட்டேன்," என்றான் பெல்மிரோ. "இதோ வந்துட்டேன்."

"சரி, பாத்து வா."

வைத்துவிட்டாள்.

கூரை அமுங்கியது. ஒரு ஆளின் எடை. முதலில் ஒரு முழங்கால், பிறகு இன்னொன்று.

டொக்.

மேலே. தகரத்தில்.

டொக். கொஞ்சம் தள்ளி. டொக்.

அவனுக்குத் தெரியும் அந்தச் சத்தம். கோடரியின் பின்பக்கத்தால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்கள். இறுகிய சத்தம் வந்தால் விட்டுவிடுவார்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் பட்டை தயார்.

டொக். இப்போது கீழே. அவன் கதவில். கண்ணாடிக்கு வெளியே கம்பளிக் கோட்டு. கையில் பிடி தேய்ந்த கோடரி. குவரேஸ்மா காதைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார், கண்ணை மூடி, அக்கறையாக, நல்ல வேலைக்காரனாக.

மேலே ஒருவர். கீழே ஒருவர்.

பூட்டை அமுக்கினான். அமுக்கியபடியே இருந்தான். கதவின் இடுக்கில், பட்டை நெம்புவதற்கென்று சீவிய கோடரிப் பிடியின் நுனி ஆப்புப்போல நுழைந்தது. அவசரமில்லாமல். ஒரு விரல் ஆழம். கூரையின் விளிம்பிலும் ஒன்று. இரண்டும் சேர்ந்து நெம்பின. தகரம் முனகி, நீளமாக, ஒரே துண்டாக விலகத் தொடங்கியது, மழையும் அந்த வாடையும் உள்ளே வந்தன.

மேலிருந்து அந்த இளம் குரல் கேட்டது. கோபமே இல்லாமல், தொழில் சொல்லித் தருகிற மாதிரி.

"மெதுவா. உள்ள இருக்கிறதுல வெட்டு விழக் கூடாது. உசிரோட உரிக்கணும்."