சக்களத்திப் பறை

மூன்று நாளாக விடாத மழை. செஞ்சிக் கோட்டை மலை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வீட்டில் தீப்பெட்டி நமத்துவிட்டது, உப்பு கசிந்துவிட்டது, கதவு ஊறிப்போய்ச் சாத்த வரவில்லை. பரணில் பழைய சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த, புருஷன் இளையபெருமாளின் பறை மட்டும் விறைப்பாக இருந்தது. சாமுண்டீஸ்வரி அதை விரலால் சுண்டிப் பார்த்தாள். டண் என்றது. மழை நாளில் தோல் தொய்ந்து, தொப்பென்றுதான் கேட்க வேண்டும். கை வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

"அவரு செத்தும் உனக்குச் சூடு அடங்கலியாடி?" என்றாள்.

அவளுக்கு அது சக்களத்தி. டிவி வரைக்கும் பேர் வாங்கிய புருஷன், வீட்டுக்கு வந்தால் முதலில் பறையைத்தான் துண்டால் துடைப்பான். பிறகுதான் இவளிடம் தண்ணீர் கேட்பான். படுக்கையில் அந்தப் பக்கம் பறை, நடுவில் அவன், இந்தப் பக்கம் இவள். அவன் முகம் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பறை அடித்தவன் செத்தால், அவன் பறைத்தோலைக் கிழித்து அவனோடு குழியில் வைப்பது அவனுடைய பறைக் குழுவின் வழக்கம். போன மாதம் பிணம் கூடத்தில் கிடக்கும்போதே கொழுந்தன் நெடுமாறன் வந்து கேட்டான்.

"அண்ணி, அண்ணனோட பறை எங்க?"

"வல்லத்துக்கு ப்ரோகிராம் போனப்பவே தொலைச்சுட்டாரு."

"அண்ணனா? பறையத் தொலைச்சுட்டாரா? இன்னா அண்ணி சொல்ற?"

"நம்பினா நம்பு."

மண்ணுக்குள்ளேயாவது அவன் தனியாகப் படுக்கட்டும். தான் போய்ச் சேருகிறவரை அவன் பக்கத்து இடம் காலியாக இருக்கட்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அந்த ஆசையைப் பார்த்து இப்போது இந்தச் சனியன் உயிரோடு இருந்து பல்லைக் காட்டுகிறது.

பொழுது சாயும் நேரம், கரண்ட் இல்லை. பறையைப் பரணிலிருந்து இறக்கி, பின்கட்டு அடுப்பில் வைக்கோலைத் திணித்து, நாலைந்து குச்சி கிழித்து ஒருவழியாகப் பற்றவைத்துப் பறையை அதன்மேல் போட்டாள். ஓட்டின் மேல் மழை கொட்ட, புகை வெளியே போக வழியில்லாமல் கூரைக்கடியில் சுற்ற, அவன் சட்டையிலும் தலைமுடியிலும் காலமெல்லாம் அவள் முகர்ந்து வெறுத்த அந்தத் தோல் காயும் வாசனை வீடு முழுக்க நிறைந்தது.

ஆத்திரத்தில் அவளுக்குப் புத்தி மழுங்கிவிட்டது. பறைக்கு நெருப்புக் காட்டினால் அது சாகாது. சுருதி ஏறும்.

தோல் இறுகியது. கிர்ரென்று முறுக்கேறும் சத்தம். பிறகு, யாரும் தொடாமல், டண்.

டண். டண்டண்.

காய்ந்த பறையின் சத்தம் காதில் விழுந்தால் இளையபெருமாள் எங்கிருந்தாலும் எழுந்து வருவான். சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு வருவான்.

வெளியே சேற்றில் காலடி. மெதுவாக.

"யாரு? நெடுமாறனா?"

சாத்தாத கொல்லைக் கதவு முனகியது. குழிமண் வாசனை.

அந்த நேரம் பார்த்துப் பறை வெடித்தது. தோல் நடுவில் கிழிந்து சுருண்டு கருகியது. கட்டை வளையம் மட்டும் மிஞ்சியது.

அவன் அவளைத் தாண்டிப் போனான். அடுப்பின் முன் குனிந்தான். மண் உதிரும் விரல்களால் வெற்று வளையத்தைத் தடவினான். சாமுண்டீஸ்வரிக்குப் பயத்தை முந்திக்கொண்டு வயிறு எரிந்தது.

"இப்பவும் அதுதானா உனக்கு? இங்க நான் ஒருத்தி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலியா?"

அவன் திரும்பினான். பார்த்தான். இத்தனை வருஷத்தில் அப்படி அவளைப் பார்த்ததே இல்லை. எழுந்து வந்து அவள் முதுகில் கை வைத்தான். சில்லென்ற கை. தோளிலிருந்து இடுப்பு வரை ஆசையாகத் தடவினான். அவளுக்குக் கண் கலங்கியது.

பிறகு கட்டைவிரலால் அழுத்தினான். கிள்ளித் தூக்கினான். விட்டான். எங்கே மெல்லிசு, எங்கே தழும்பு என்று கன்றுத்தோல் வாங்கும்போது பார்ப்பானே, அப்படி.

கத்த வாய் திறந்தாள்.

அவன் வளையத்தை எடுத்து, அவள் முதுகில் வைத்து, அளவு பார்த்தான்.