10,22,117: கல்லில் கொத்திய எண்

“நாலுதானட்டி குறையுது! அதுக்கா இந்த வெயில்ல தேரிக்குள்ள போகணும்?” என்று சலித்துக்கொண்டான் சுயம்பு.

தங்கை பூரணக்கனி விடுவாளா! மண்வெட்டியை அண்ணன் தோளில் சாத்தினாள். கயிற்றை மதினி இசக்கித்தாயிடம் கொடுத்தாள். மூவரும் செம்மணல் தேரிக்குள் இறங்கினார்கள். ஊரில் கிணறுகள் வறண்டு பனைகூடப் பட்டுப்போயிருந்தது. நாலு மணிக்குச் சாமான் ஏற்ற லாரி வருகிறது. அதற்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டே போக வேண்டியதுதான்!

ஊர் எல்லைக் கல்லில் ஒரு பழைய குறிப்பு இருந்தது. நிலம் 10,22,117 சதுரக்கோல், எதிர்மூலையில் ஊற்று. ஒரு கோல் மூன்றடி. கல்லின் மூலையிலிருந்து கிழக்கே ஒன்றும் வடக்கே ஒன்றுமாக இரண்டு கோடுகள் கொத்தியிருந்தன; நீள அகலம் மட்டும் எழுதவில்லை. 1011-ஐ 1011-ஆல் பெருக்கினால் 10,22,121 வருகிறது, நாலுதான் கூடுதல். கொத்தியவன் கைப்பிசகு என்று முடிவுகட்டிய சுயம்பு, போன வருடம் கிழக்கே 1011 கோல், வடக்கே 1011 கோல் அளந்து தோண்டினான். வெறும் மணல்! அன்றிலிருந்து ஊருக்கு அவன் ‘குழிச் சுயம்பு’.

“அது பிசகில்லண்ணே! நாலுன்னா ரெண்டு ரெண்டு. ஒரு பக்கம் ரெண்டு குறைச்சு, மறுபக்கம் ரெண்டு கூட்டு. 1009-ஐ 1013-ஆல பெருக்கிப் பாரு, அந்த நம்பர் அப்படியே வந்து நிக்கும்!”

“வேற ஜோடி இருந்துட்டா?” என்றாள் மதினி.

“ஒரு வாரமா வகுத்துப் பார்த்துட்டேன் மதினி. ஒண்ண விட்டா வேற எதுக்கும் மசியல. இந்த ரெண்டுக்கு மட்டுந்தான் பிரியுது! கல்லுல வடக்குக் கோடுதான் நீளம். அப்போ 1013 வடக்கே.” அந்த எண்ணைத் தானே பெற்றெடுத்த மாதிரிப் பூரணக்கனிக்குப் பெருமை.

பாதி அளப்பதற்குள் காற்று கிளம்பியது. செம்மண் கண்ணை மறைத்தது.

“உக்காருங்க! கயித்த விட்டுராதீங்க!” என்று கத்தினாள் பூரணக்கனி.

காற்று அடங்கியபோது, அடையாளத்துக்கு நட்ட பனைமட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. மறுபடி அளக்கப் பொழுது பத்தாது.

“அண்ணே, உன் குழி எங்க?”

“நீயுமா கிண்டல் பண்ணுத?”

“இல்லண்ணே! அங்கருந்து மேற்கே ரெண்டு கோல், வடக்கே ரெண்டு கோல். அவ்வளவுதான்!”

சுயம்பு ஓடினான். குழியோரம் அவன் ஊன்றிய பனந்தடி அசையாமல் நின்றது. அங்கிருந்து அளந்து தோண்டினார்கள். மணல் சரிந்து மதினியை இடுப்புவரை விழுங்கியது! கயிற்றைக் கட்டி இருவரும் இழுத்து மீட்டார்கள். மறுபடி தோண்டினார்கள். பதினோராவது அடியில் மண்வெட்டி ‘ணங்’கென்று மணலில் புதைந்த பழைய ஊற்றுக்கிணற்றின் கல்விளிம்பில் மோதியது. கீழே ஈரம். அப்புறம் தண்ணீர்!

“இனிக்குதுட்டி!” சுயம்பு அள்ளிக் குடித்துவிட்டு அழுதே விட்டான்.

நாலு மணிக்கு வந்த லாரியில் ஒரு சாமானும் ஏறவில்லை. ஊரே குடத்தோடு தேரிக்கு வந்தது. “யாருப்பா தோண்டினது?” என்றார் லாரி டிரைவர்.

“குழிச் சுயம்பு!” அவனே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். “நாலுதானேன்னு நான் தள்ளிட்டேன். என் தங்கச்சி தள்ளல.”