வாய்ப்பூட்டு

சலதிகா ஊரின் மேட்டுத் தெருவில், எவனோ ஒரு டச்சுக்காரன் கட்டிவிட்டுப் போன வீட்டின் முன் ரெத்னானி வண்டியை விட்டு இறங்கியபோது மதியம் ஒரு மணி. மழை விட்டபாடில்லை. வாசலில் கிராம்புச் சிகரெட் வாசனை. அதற்கு அடியில் ஈரச்சுவரும் பழைய தேக்கும் கலந்த ஒரு நெடி. ஐந்து வருஷம் கழித்து வருகிறாள். நெடி மட்டும் மாறவேயில்லை.

"வாங்கக்கா," என்றான் குந்தோரோ. இந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப் ஓட்டுகிறவன். பன்னிரண்டு வருஷமாக இங்கேதான் கிடக்கிறான். "இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு போனவங்க வந்துட்டீங்களே!"

"மார்னிக்காகத்தான் வந்தேன்," என்றாள் ரெத்னானி.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மார்னி என்று எல்லாரும் கூப்பிடும் பாடகி சுமார்னி செத்து முப்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. எட்டுப் பாட்டில் ஏழு பாட்டைப் பாடி முடித்துவிட்டு, எட்டாவதற்கு நடுவில், இதே வீட்டில், பாடுகிற அறையிலேயே போய்விட்டாள். இருதயம் நின்றுவிட்டது, சத்தமே வரவில்லை, தூக்கத்திலேயே போன மாதிரி என்று முதலாளி பாக் ஹர்தோயோ எல்லாருக்கும் சொல்லியிருந்தார். நாற்பதாம் நாள் பிரார்த்தனைக்குள் கேசட் வெளிவர வேண்டும், பாட்டுகளில் குரலையும் வாத்தியத்தையும் கலந்து கொடு என்று ரெத்னானிக்கு ஆள் விட்டிருந்தார். மார்னியின் குரலை அவளைவிட நன்றாகக் கலக்கக் கூடியவர்கள் மத்திய ஜாவாவில் யாருமில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வந்தாள். சிநேகிதியின் கடைசிப் பாட்டைக் கண்டவன் கையில் விட அவளுக்கு மனசு வரவில்லை.

மிக்ஸிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் வெளியே மழையா வெயிலா, பகலா ராத்திரியா, ஒன்றும் தெரியாது. பாடுகிற அறை அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. வீட்டின் பின்கட்டில், பழைய உக்கிராண அறையில் அதை வைத்திருந்தார்கள். நடுவே இரண்டு கதவு, ஒரு நடை. பாடுகிறவளை இவர்கள் பார்க்க முடியாது. அவளுக்கும் இவர்களுக்கும் இடையே ஓடுவது வயர் மட்டும்தான்.

ரெத்னானி நான்காவது பாட்டைப் போட்டாள். மார்னியின் குரல் அறையில் எழுந்தது. பாவி, என்னமாய்ப் பாடியிருக்கிறாள்!

பாட்டு முடிந்தது. அடுத்ததற்கு முன்னால் இருந்த வெற்று டேப் ஓடியது.

அந்த மௌனத்தில் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

ரெத்னானி மார்னியின் ஃபேடரைக் கீழே இறக்கினாள். அதை இறக்கினால் குரல் அடங்க வேண்டும். அடங்கவில்லை. சளி கட்டிய மார்பிலிருந்து வருவதுபோல மெல்லிசாக, இழுத்து இழுத்து வந்தது அந்த மூச்சு.

அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லாரும் முதல் வாரத்தில் பயந்து அலறுகிற விஷயம்தான் இது. சத்தம் வயலுக்குப் பாய்கிற தண்ணீர் மாதிரி. மைக்கில் புறப்பட்டு மிக்ஸிங் மேசைக்கு வந்து அங்கே கிளை பிரியும். ஒரு கிளை டேப்புக்கு, ஒரு கிளை ஃபேடர் வழியாக ஸ்பீக்கருக்கு, இன்னொரு கிளை எதிரொலித் தகட்டுக்கு. தகட்டுக்குப் போகிற கிளை ஃபேடருக்கு முன்னாலேயே பிரிந்துவிட்டால், ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் எதிரொலி மட்டும் வந்துகொண்டே இருக்கும். பாடினவள் இருக்க மாட்டாள், அவள் எதிரொலி இருக்கும்.

தகட்டுக்குப் போகும் கிளையை மூடினாள்.

மூச்சு நிற்கவில்லை.

டேப்பை நிறுத்தினாள். சக்கரங்கள் இரண்டும் நின்றன.

மூச்சு நிற்கவில்லை.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் எங்கே கேட்கிறது என்று பார்க்காதே, எந்த வழியாக வந்தது என்று பார், பின்னாலேயே நடந்து போ என்பதுதான் இருபது வருஷமாக அவள் பிடித்துக்கொண்டிருந்த பாடம். ஒவ்வொரு வயராகப் பிடுங்கினாள். டேப்பின் வயர். மைக்கின் வயர். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தகட்டிலிருந்து திரும்பி வரும் வயர்.

தகடு மாடிப்படிக்கு அடியில் ஒரு இருட்டறையில் இருந்தது. கட்டில் அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு, மரப்பெட்டிக்குள் சுருள்கம்பிகளில் தொங்கும். குரலை அதற்குள் அனுப்பினால் தகடு நடுங்கும், அந்த நடுக்கம் பெரிய கூடத்தின் எதிரொலியாகத் திரும்பி வரும். ரெத்னானி தடவித் தடவிப் போய், தகட்டுக்குள் குரலைக் கொண்டுவரும் வயரைப் பிடுங்கினாள். இனி அதற்குள் எதுவும் போக வழியில்லை.

பெட்டியின் பக்கப்பலகையை நீக்கிவிட்டு உள்ளே கையை வைத்தாள்.

தகடு நடுங்கிக்கொண்டிருந்தது.

ஈரக்குளிர். விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரைக்கும் ஏறியது. கூடவே ஒரு வாசனை வந்தது. இழுப்புக்காக மார்னி எப்போதும் மார்பில் தேய்த்துக்கொள்ளும் தைல வாசனை. ரெத்னானி பல்லைக் கடித்துக்கொண்டு காதைத் தகட்டோடு ஒட்டினாள்.

டொக். டொக். டொக்.

"அண்ணே... கதவு தெறக்க வரல... இழுப்பு வந்துடுச்சு... கேக்குதா?"

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.

"கேக்குதுல்ல? எனக்கு நல்லாக் கேக்குதே... ஏன் யாரும் வரல?"

ரெத்னானி தடுமாறி வெளியே ஓடிவந்தாள். குந்தோரோ பின்வாசலில் குந்தியிருந்தான். அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அன்னைக்கு என்னடா நடந்துச்சு?"

"இருதயம்னு சொன்னாங்கல்ல..."

"பொய் பேசாத! அவ கூப்பிட்டிருக்கா. தகட்டுல இருக்கு."

அவன் சிகரெட்டை ஈரத்தரையில் நசுக்கினான்.

"உங்களுக்கும் கேட்டுடுச்சா?" என்றான். "எனக்கு மட்டும்தான் பைத்தியம் புடிச்சுடுச்சுன்னு நெனச்சேன். மழைக்கு அந்தப் பாடுற ரூம் தேக்குக் கதவு ஊறி இறுகிக்கிச்சு. நாங்க மிக்ஸிங் ரூம்ல உக்காந்து சோத்தோ சூப்பு சாப்பிட்டுட்டு இருந்தோம். அவ உள்ள படுத்திருக்கான்னு நெனச்சோம். ஒண்ணரை மணி நேரம். மைக் திறந்துதான் இருந்துச்சு. ஒரு சத்தம் வரல. எப்படி வரும்? வாய்ப்பூட்டு போட்டிருந்துச்சே."

அந்த வார்த்தையைக் கேட்டதும் ரெத்னானியின் கை அவன் சட்டையிலிருந்து தானாக நழுவியது.

"எங்கிட்ட எகிறாதீங்க," என்றான் அவன். "போய் மேசைல பாருங்க. அது உங்க கையெழுத்து."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குத் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பாக் ஹர்தோயோ புலம்பினார். பாடுகிற பொம்பளைகள் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே சும்மாவே இருப்பதில்லை. காற்று இல்லை, தாகம், முதுகுவலி என்று ஸ்பீக்கரில் நச்சரிக்கிறார்கள். நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. ரெத்னானி ஒரே சாயங்காலத்தில் வழி செய்து கொடுத்தாள். டேப் பதிவு செய்யாத நேரத்தில் பாடுகிறவளின் மைக் ஸ்பீக்கருக்குப் போகாது, தானாக அடைபடும். ஒரு பட்டன் போதும். அதன்மேல் காகித டேப் ஒட்டி 'வாய்ப்பூட்டு' என்று எழுதினாள். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. ஆம்பளைகள் தொழிலில் ஒரு பொம்பளைக்கு அன்றைக்குத்தான் சபாஷ் கிடைத்தது. நல்ல பேர் வாங்குகிற பசி இருக்கிறதே, அதைப்போலக் கேவலமான பசி வேறு கிடையாது.

ஆனால் தகட்டுக்குப் போகும் கிளையை அவள் அடைக்கவில்லை. எதிரொலியோடு தன் குரல் ஹெட்ஃபோனில் கேட்டால்தான் பாடுகிறவளுக்கு உற்சாகம் வரும். அதனால் அந்தக் கிளையை ஃபேடருக்கும் முன்னால், பூட்டுக்கும் முன்னால் பிரித்து, பதிவின்போது எதிரொலி அவள் ஹெட்ஃபோனுக்கு மட்டும் போகும்படி விட்டிருந்தாள். அன்றைக்கு மார்னி அலறியது அவள் காதிலேயே கோயில் மணி மாதிரி முழங்கியிருக்கும். வெளியே எல்லாருக்கும் கேட்கிறது என்று கடைசி மூச்சு வரைக்கும் நம்பியிருப்பாள்.

பூட்டுப் போட்ட முதல் நாளே மார்னி கேட்டாள்: "அக்கா, பாட்டு இல்லாதப்ப நான் பேசினா அங்க கேக்குமா?"

"கேக்கும், கேக்கும். போய்ப் பாடுடி," என்றாள் இவள்.

பாக் ஹர்தோயோ நான்கு மணிக்கு வந்தார். ரெத்னானி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பழைய தகடு, ஈரம் ஏறியிருக்கும். அத ஒதுக்கிட்டு எலக்ட்ரானிக் எதிரொலிப் பெட்டிய வச்சு முடிச்சுடு," என்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "மார்னி புருஷன் பர்யோனோ கோபக்காரன். கேள்வின்னு வந்தா என் பேரு மட்டுமா வரும்? வயர் மாட்டினது யாருன்னுதானம்மா முதல்ல கேப்பாங்க?"

அப்போது ரெத்னானி வாயைத் திறந்திருக்கலாம். எழுந்து பர்யோனோ வீட்டுக்கு நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. காகித டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். தகட்டின் வயரைச் சுருட்டிக் கட்டினாள். ஆறு நாளில் எட்டுப் பாட்டையும் முடித்தாள். பாடி முடிக்காத எட்டாவது பாட்டைப் பாதியிலேயே தேய்ந்து மறையவிட்டாள். கடைசிப் பிரதியை மூன்று தடவை கேட்டாள். சுத்தமாக இருந்தது, ஒரு மூச்சுகூட இல்லை.

நாற்பதாம் நாள், பிற்பகல் தொழுகை முடிந்ததும் பர்யோனோ வீட்டில் கூட்டம் சேர்ந்தது. பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஆப்பெம் பலகாரமும் மஞ்சள் சோறும் வாழையிலைப் பொட்டலங்களில் கைமாறின. ரெத்னானி கடைசியாக வந்து, சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்று கதவோரமாக உட்கார்ந்தாள். தூறலுக்காகக் கதவைத் தாழ்போட்டிருந்தார்கள்.

பிரார்த்தனை முடிந்து பர்யோனோ கேசட்டைப் போட்டான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எட்டாவது பாட்டு தேய்ந்து மறைந்தது. டேப் சும்மா ஓடியது.

டொக். டொக். டொக்.

பர்யோனோ நிமிர்ந்தான். "அக்கா, கடைசில ஏதோ தட்டற சத்தம் வருதே. உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவன் கண் சிவந்திருந்தது. நம்பிக்கையோடுதான் கேட்டான்.

"இல்லையே," என்றாள் ரெத்னானி. "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"என் காதுதான் கெட்டுப்போச்சு போல," என்று அவன் பெட்டியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டான்.

டொக். டொக். டொக்.

இந்தத் தடவை சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால், வாசல் கதவிலிருந்து வந்தது.

"யாரோ வந்திருக்காங்க. நீங்கதானக்கா பக்கத்துல இருக்கீங்க, கொஞ்சம் தெறந்து விடுங்க," என்றான் பர்யோனோ.

அவள் எழுந்து தாழ்ப்பாளைப் பிடித்தாள். ஈரக்குளிர். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும். இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். கதவிடுக்கு வழியாகத் தைல வாசனை உள்ளே வந்தது.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. திரும்பிக் கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். "நான்தான்! நான்தான் அந்த வயர மாட்டினேன். அவ கூப்பிட்டிருக்கா, பர்யோனோ. ஒண்ணரை மணி நேரம் கூப்பிட்டிருக்கா. என்னாலதான் யாருக்கும் கேக்கல!"

யாரும் திரும்பவில்லை. ஒரு கிழவர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். தன் குரல் தன் காதில் பெரிய கூடத்தில் முழங்குவதுபோல முழங்குவதைக் கேட்டாள்.

பர்யோனோ அவளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். "என்னக்கா? ஏதாச்சும் சொல்லணுமா? வாயத் தெறந்துட்டுச் சும்மா நிக்கறீங்களே."

அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

பதில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மிக அருகில், மூச்சு இழுத்து இழுத்து, சமாதானம் சொல்வதுபோல.

"எனக்குக் கேக்குதுக்கா."