மஞ்சள் பெட்டியை இறக்கிய நாள்

இதில் எவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. இப்படியொரு சந்தேகம் இந்தக் காலத்தில் யாருக்கும் வருவதில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நினைவி, பார்ப்பதையும் கேட்பதையும் உடனுக்குடன் டவருக்கு அனுப்பிவிடுகிறது. வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கூம்புமேட்டில் நான் இருந்த பகலுக்கு மட்டும் பதிவு கிடையாது. மனதில் தங்கியதை வைத்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் திறப்பு. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவியபின் நானும் என் கணவர் ராசாங்கமும் சுவர்த்திரைக்கு முன்னால் உட்காருவோம். அவருடைய வாரத்தை நான் பார்ப்பேன், என்னுடையதை அவர் பார்ப்பார். தேனியில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பெரும்பாலும் அவர் பாதியில் தூங்கிவிடுவார். நான் தூங்கியதில்லை.

கல்யாணப் பேச்சிலேயே இது தொடங்கிவிடுகிறது. ஜாதகத்துக்குப் பதில் இப்போது இரண்டு வீட்டாரும் கூடிப் பையன், பெண் பதிவுகளைப் பார்த்துப் பொருத்தம் சொல்கிறார்கள். ராசாங்கத்தின் பதிவில் ஒரே ஓர் இடம் இருட்டாக இருந்தது. மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் மஞ்சள் பெட்டியில் இருந்தார்.

மஞ்சள் பெட்டி என்பது எப்போதோ நின்றுபோன ரோப் காரின் ஒரு கூண்டு. கம்பிகளைக் கழற்றியவர்கள் அதை மட்டும் கூம்புமேடு என்ற மலையின் உச்சிப் புல்வெளியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சுற்றிலும் இரும்புப் பாறை. நினைவி அனுப்புவது எதுவும் அந்தப் பாறையைத் தாண்டாது. அதற்காகவே ஆட்கள் ஏறி வந்தார்கள். ரப்பர் செருப்பும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்தார்கள். பனி இறங்கினால் வழி தெரியாது, யானை நிற்பதும் தெரியாது. குளிரில் விறைத்துப்போன சிலரை நான் வேலை பார்க்கும் மீட்புத் துறைதான் சுமந்து இறக்கியிருக்கிறது.

அங்கே என்ன செய்தாய் என்று என் அப்பா கேட்டபோது, சும்மா உட்கார்ந்திருந்ததாக ராசாங்கம் சொன்னார். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. நான் பிறகு எத்தனையோ தடவை அந்த இருட்டின் இரண்டு கரைகளையும் போட்டுப் பார்த்தேன். மேலே ஏறும்போது அவர் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கி வரும்போது அது நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது. தைத்த கை எந்தப் பெண்ணுடையது? மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு இருட்டு எதற்கு? அவர் சன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் மனதால் அவளிடம் போயிருக்கிறார் என்றே எண்ணிக்கொள்வேன்.

கூண்டை இறக்கிவிடத் துறை முடிவெடுத்ததும் அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். வீட்டில் சொன்னேன். ராசாங்கம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"எடுத்துத்தான் ஆகணுமா, விருமாயி?"

"ஆளு சாகுதுங்க."

"அதுக்காகத்தான் நீ போறியா?"

நான் ரசத்தை ஊற்றினேன்.

பாரத்தைத் தூக்கிப் பறக்கும் பளுவூர்தியை ஓட்டியது எங்கள் துறையின் ஜெயசீலன். என்னையும் சங்கிலிகளையும் புல்வெளியில் இறக்கியதுமே பனி மூடத் தொடங்கியது. கீழே போய் நிற்பதாகவும், விலகியதும் வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனான். காதுக்குப் பின்னால் எப்போதும் இருக்கும் மெல்லிய சூடு தணிந்தது. கூண்டின் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பெண் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

என் வயதுதான் இருக்கும். பெயர் சகாயராணி, ஊர் திண்டுக்கல் என்றாள். பட்டுச் சேலைக்குப் போடுகிற செருப்பில் மலை ஏறியிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. குளிரா என்று கேட்டேன்.

"குளிரெல்லாம் இல்லீங்க. காலையிலேருந்து எங்க மாமியாரத் திட்டிக்கிட்டிருந்தேன். வீட்டுல முணுமுணுத்தாக்கூட அந்தம்மா போட்டுக் காட்டி நியாயம் கேக்குது. இன்னிக்குத்தான் வாய்விட்டுத் திட்டினேன்."

"இதுக்கா இவ்வளவு தூரம்?"

"நீங்க எங்க மாமியாரப் பாத்ததில்ல."

நான் சிரித்தேன். என் ஜாக்கெட்டை அவளுக்குக் கொடுத்தேன். இருக்கைக்கு அடியில் ஒரு தகர டப்பா இருந்தது. வந்தவர்கள் அடுத்து வருபவர்களுக்காக விட்டுப்போனவை அதில் கிடந்தன: மெழுகுவத்தி, தீப்பெட்டி, தலைவலித் தைலம். ஓர் ஊசியும் நீல நூல்கண்டும்கூட இருந்தன. அவரே எடுத்துத் தைத்திருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும். ஒரு கணம் நெஞ்சு லேசானது. அடுத்த கணமே, இந்த நூலை இங்கே கொண்டுவந்து வைத்தவள் யார் என்று தோன்றியது.

அதை அப்படியே சகாயராணியிடம் சொன்னேன். பொத்தான், மூன்று நாள், சன்னலோரம், எல்லாவற்றையும். நல்ல மனுசன், அவரைச் சில நாள் வெறுக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் அறிவுரை சொல்லவில்லை. முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு இருவரும் அழுது தீர்த்தோம். கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. யாரும் பார்க்காத இடத்தில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

பனி விலகியது. ஊர்தி வந்தது. இந்தக் கூண்டை இங்கேயே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இது ராசாங்கத்துக்கும் கிடைத்திருக்கிறது, எனக்கு முன்பே, என்னைச் சேர்க்காமல். சங்கிலியை நானே மாட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் வாரத்தைப் பார்த்தபோது அவர் விழித்திருந்தார். கூண்டின் கதவைத் திறப்பதற்கு முன்பே திரை இருண்டது. வெளிச்சம் வந்தபோது ஊர்தியின் கண்ணாடியில் நானும் ஒரு பெண்ணும் தெரிந்தோம், கண் வீங்கி, கைகோத்துக்கொண்டு.

"அந்தம்மாகிட்ட என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னியா?"

"உங்களப் பத்தி ஒரு வார்த்த பேசல."

வாழ்க்கையில் நான் சொன்ன முதல் முழுப்பொய் அதுதான். குரல் நடுங்கவில்லை. அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார். பிறகு நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"அம்மா செத்தப்ப நான் அழுகல, விருமாயி. சொந்தக்காரங்க பூராவும் அதத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாப்பாங்கன்னு அடக்கிக்கிட்டேன். அங்க போய்த்தான் அழுதேன். மூணு நாளும். வேற ஆளே இல்ல. பொத்தான நானேதான் தச்சேன்."

பொத்தானைப் பற்றி நான் அவரிடம் கேட்டதே இல்லை. நான் எங்கே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன் என்று இத்தனை வருடமும் கவனித்திருக்கிறார். அவர் முகம் அமைதியாக இருந்தது. சற்றுமுன் பொய் சொன்னபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் பதிவில்லாத ஒன்றைச் சொல்லி நம்பவைப்பது எவ்வளவு எளிது என்று அன்றுதான் நான் கற்றிருந்தேன்.

"சரிங்க" என்றேன். அதில் நம்பிக்கை இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

மஞ்சள் பெட்டி இப்போது துறையின் கிடங்கு வாசலில் நிற்கிறது. டவர் நன்றாகக் கிடைக்கும் இடம், பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். கூம்புமேட்டில் அதற்குப் பிறகு யாரும் சாகவில்லை. ஜெயசீலனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சகாயராணி மாமியாருடன் ஒரே வீட்டில் இருக்கிறாள், இருவரும் பேசிக்கொள்வதில்லை. ராசாங்கம் பெரியகுளத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். நான் தேனியில் தனியாக இருக்கிறேன்.