பதியாத பத்திரமும் ஐனாரின் கைக்கடிகாரமும்

சாவு வீட்டில் உரக்க அழுகிறவனை முதலில் சந்தேகப்படு என்பது முன்னாள் ஷெரிஃப் ஹால்வரின் கட்சி. அவருடைய சமையலறையில் மாரிட் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா ஐனார் பண்ணை வீட்டில் இறந்து ஒரு வாரம் ஆகிறது.

"திங்கக்கிழம காலையில டுவேன் பத்திரத்தப் பதிஞ்சிருக்கான், ஷெரிஃப். அன்னிக்குச் சாயங்காலமே அப்பா போயிட்டாராம். இப்ப வீடு, நிலம் எல்லாம் அவனுக்காம்!"

டுவேன் அவள் சித்தப்பா மகன். ஐனாரோடு தங்கி மாடு பார்த்தவன். தன் காலத்துக்குப் பிறகு சொத்து அவனுக்கே என்று ஐனார் என்றோ கையெழுத்திட்ட பத்திரம் அது. ஆனால் மின்னசோட்டாவில் அந்த மாதிரிப் பத்திரத்தை, எழுதியவன் உயிரோடு இருக்கும்போதே பதிந்தாக வேண்டும். மூச்சு நின்றபின் பதிந்தால் அது அடுப்பெரிக்கத்தான் உதவும்.

"கள்ளக் கையெழுத்தா இருக்குமோ?" துள்ளினார் கஸ், ஹால்வரின் பழைய கூட்டாளி.

"சும்மா கெடடா," என்ற ஹால்வர் மாரிட் பக்கம் திரும்பினார். "கையில என்னம்மா?"

"அப்பாவோட வாட்ச். அடக்கம் பண்ண வந்தவங்க அவர் கையிலேர்ந்து கழட்டிக் குடுத்தாங்க. ஒரு மணி நேரம் முந்தி ஓடுது."

"அதுக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமதான, குளிர்காலக் கணக்குக்காக ஊரே கடிகாரத்த ஒரு மணி பின்னால தள்ளி வெச்சது? உங்கப்பன் மறந்துட்டானா?"

"அவரா? வருஷா வருஷம் விடியறதுக்குள்ள ஃபோன் போட்டு, 'மாத்தினியா, கழுத'ன்னு திட்டுவாரு. இந்தத் தடவ ஃபோனே வரல."

மூவரும் பண்ணைக்குப் போனார்கள்.

"திங்கக்கிழம மத்தியானம்கூட பெரியப்பா நல்லாத்தான் இருந்தாரு," என்றான் டுவேன். "கையில கட்டியிருந்த வாட்சப் பாத்து, 'பன்னெண்டாச்சு, சூப்பக் கொண்டாடா'ன்னாரு. ரேடியோவுலயும் அப்பத்தான் மத்தியானச் செய்தி ஆரம்பிச்சுது."

ஹால்வர், சரியான மணி காட்டிய சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஐனாரின் கைக்கடிகாரத்தை மேசைமேல் வைத்தார்.

"இதப் பாத்திருந்தா ஒன்னுன்னுல்ல சொல்லியிருப்பான்? சுவத்துக் கடிகாரத்த மாத்தின நீ, செத்தவன் கையத் தொடப் பயந்துட்ட. சனிக்கிழம ராத்திரி படுத்தவன் எந்திரிக்கவே இல்ல. திங்கக்கிழம பதிவு ஆபீஸ் தெறக்கறவரைக்கும் சாவ ஒளிச்சு வெச்ச. வயசாளி, குளுந்த வீட்டுல ஒடம்பும் கெடல. டாக்டரும் கிளறல."

டுவேன் சுவரில் சாய்ந்தான். "நான் கொல்லல, ஷெரிஃப். அவருக்காகப் பொழுதுக்கும் சாணி அள்ளினேன். அவரே கையெழுத்துப் போட்டுத்தான குடுத்தாரு?"

பத்திரம் செல்லாது, வீடு மாரிட்டுக்கே வரும். ஆனாலும் திரும்பும் வழியில் அவள் முகம் தெளியவில்லை.

"அப்ப அப்பா நெசமாவே அவனுக்குத்தான் குடுக்க நெனச்சாரா?"

"கையெழுத்துப் போட்டான்," என்றார் ஹால்வர். "ஆனா தீவனம் வாங்க டவுனுக்குப் போறப்பல்லாம் பதிவு ஆபீஸ் வாசலத் தாண்டித்தாம்மா போனான். ஒரு தடவகூட உள்ள போகல. பதியவும் இல்ல, கிழிச்சுப் போடவும் இல்ல. உங்கப்பன் அவனையும் நம்பல, உன்னையும் நம்பல."